எழுபதில் ஓய்வு கொடுத்தார்கள், எண்பத்திரண்டில் பாட வந்தார்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஊரில் கோயில் திருவிழாவுக்குக் கட்டின லவுட்ஸ்பீக்கரில் போன பாட்டுகளையும், தவில்காரர் தனி வாசிக்கும்போது பெரியவர்களைப் பார்த்து நானும் தலையாட்டியதையும் தவிர வேறு சங்கீத ஞானம் இல்லை. ஆகவே ஜாஸ், புளூஸ் பாடகிகளைப் பற்றி நான் எழுதுவது ஒரு ரசிகனின் கதை மட்டும்தான். விசயம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ரொறொன்ரோவுக்கு வந்த முதல் வருடம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். கேஸ் முடியவில்லை, கையில் ஆறு மாதத்து வேர்க் பெர்மிற். அந்தக் குசினியில் சமைத்தவர் ஜமெய்க்காக்காரர், வயதானவர். கடை பூட்டினபிறகு அடுப்புத் துடைக்கும்போது ஒரு பழைய ரேடியோவைப் போடுவார். ஒருநாள் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். இரைச்சலுக்குள்ளே இருந்து வரும் குரல். எனக்கு அது எங்கள் ஊர் ஒப்பாரி போலக் கேட்டது. என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தில், 'ஏன் இந்த மனுசி இப்படி அழுகிறாள்?' என்று கேட்டேன். அவர் துடைக்கிறதை நிறுத்திவிட்டு, 'அழவில்லை, வேலை செய்கிறாள்' என்றார்.

பாடினவர் பெஸி ஸ்மித் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த மனிதர் சொன்னதன் அர்த்தம் விளங்க எனக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடம் எடுத்தது.

*

இந்தப் பாடகிகளைப் பற்றி எங்கு வாசித்தாலும் சாவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெஸி ஸ்மித் என்றால் 1937இல் மிசிசிப்பியில் நடந்த கார் விபத்து. பில்லி ஹொலிடே என்றால் போதைப்பொருள், பொலிஸ், 1959இல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கைது செய்யப்பட்டது, வங்கிக் கணக்கில் மிஞ்சியிருந்த எழுபது சதம். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு மனுசி இருபது முப்பது வருடம் செய்த வேலையை விட்டுவிட்டு, செத்த விதத்தை மட்டும் கொண்டாடினால் அதற்குப் பெயர் என்ன? நாங்களும் அகதிகள்தானே. எங்கள் கதையையும் இப்படித்தான் கேட்கிறார்கள். என்ன படித்தாய், என்ன வேலை தெரியும் என்று கேட்பதில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

ஆகவே இன்று வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

1920ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் மேமி ஸ்மித் என்ற பாடகி நியூயோர்க்கில் ஒரு புளூஸ் பாட்டைப் பதிவு செய்தார். ஒரு கறுப்பினப் பெண் பாடிப் பதிவான முதல் புளூஸ் இசைத்தட்டு என்று அதைத்தான் சொல்கிறார்கள். கறுப்பின மக்கள் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்று அதுவரை கம்பனிகள் நம்பவில்லை. அது விற்ற விற்பனையைப் பார்த்தபிறகு பாடகிகளைத் தேடி ஓடினார்கள். கூடாரங்களிலும் சின்னத் தியேட்டர்களிலும் ஏற்கனவே வருடக்கணக்காகப் பாடிவந்த மா ரெய்னி 1923இல் பதிவுக்கு வந்து, 1928 வரைக்கும் ஏறக்குறைய நூறு பாட்டுப் பாடினார். அதோடு பதிவுகள் நின்றன. பிறகு தன் மாநிலமான ஜோர்ஜியாவுக்குத் திரும்பித் தியேட்டர் நடத்தினார். இதையும் நாங்கள் கவனிக்கவேண்டும். பாடிச் சம்பாதித்து, அந்தத் தொழிலுக்குள்ளேயே முதலாளியான மனுசி.

பெஸி ஸ்மித் ரெனஸி மாநிலத்தில் சட்டநூகாவில் பிறந்தவர். பத்து வயதாகுமுன்பே தாய் தகப்பன் இல்லை. தமையன் கிற்றார் அடிக்க, தெருவில் நின்று பாடிச் சில்லறை வாங்கினவர். 1923இல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்து 7 இலட்சத்து 80 ஆயிரம் பிரதிகள் விற்றதாகச் சொல்கிறார்கள். ஆனால் கம்பனி அவருக்குக் கொடுத்தது ஒரு பாட்டுக்கு 125 டொலர். விற்பனையில் பங்கு கிடையாது. அவர் பணம் பார்த்தது மேடையில்தான். தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தங்க இடம் கொடுக்க மாட்டார்கள், சாப்பாட்டுக் கடைக்குள் விடமாட்டார்கள். அதனால் தன் குழுவுக்கென்று ஒரு ரயில்பெட்டியையே சொந்தமாக வாங்கி, அதிலேயே படுத்து, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு ஊர் ஊராகப் போனார். ஆடம்பரம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஆடம்பரமாகத் தெரியவில்லை. வீடு கொடுக்க மறுத்த ஊரில் வீட்டையே கூடக் கொண்டுபோன கெட்டித்தனம்.

அவர் செத்தபிறகு, வெள்ளையர் ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுத்ததால்தான் செத்தார் என்று ஒரு கதை பரவியது. அதை வைத்து எட்வேர்ட் ஆல்பி நாடகமே எழுதினார். உண்மை அப்படியல்ல. அவரை நேராகக் கறுப்பினத்தவருக்கான ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அந்த நாட்டில் அந்த நேரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் யோசனையே ஒருவருக்கும் வந்திருக்காது. பொய்க்கதையை விட உண்மைதான் எனக்குப் பயங்கரமாக இருக்கிறது.

பிலடெல்பியாவில் நடந்த அவருடைய செத்தவீட்டுக்கு ஆயிரக்கணக்கில் சனம் வந்தது. ஆனால் கல்லறைக்கு ஒரு கல் இல்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, முப்பத்து மூன்று வருடம் இல்லை. 1970இல்தான் ஜானிஸ் ஜொப்ளின் என்ற வெள்ளைக்காரப் பாடகியும், சின்ன வயதில் பெஸியின் வீட்டில் வேலை செய்த ஜுவானிட்டா கிறீன் என்ற பெண்ணும் சேர்ந்து காசு கொடுத்துக் கல்லு வைத்தார்கள். ஒருத்தி அவரைப் பார்த்தே இராத ரசிகை. மற்றவள் அவர் வீட்டுத் தரையைத் துடைத்தவள். இலட்சக்கணக்கில் இசைத்தட்டு விற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள்.

*

பில்லி ஹொலிடேயின் கதையில் எனக்கு நெருக்கமானது ஒரு சின்ன அட்டை.

நியூயோர்க்கில் 1940இலிருந்து ஒரு சட்டம் இருந்தது. மது விற்கும் இடத்தில் பாடுகிறவர், வாசிக்கிறவர் தொடக்கம் பரிமாறுகிறவர் வரைக்கும் பொலிஸ் கொடுக்கும் அட்டை வைத்திருக்கவேண்டும். கைரேகை கொடுக்கவேண்டும். அட்டையைப் பறித்தால் தொழில் இல்லை. 1947இல் பில்லிக்குத் தண்டனை கிடைத்தது. சிறையால் வந்து இரண்டு வாரம் முடியுமுன், 1948 மார்ச்சில், கார்னெகி ஹோலில் பாடினார். அரங்கு நிறைந்து வழிந்தது. ஆனால் அடுத்த தெருவில் இருந்த சின்னக் கிளப்பில் பாட அனுமதி இல்லை. சாகும்வரை அந்த அட்டை திரும்பக் கிடைக்கவேயில்லை. சட்டத்தை 1967இல்தான் எடுத்தார்கள்.

வேர்க் பெர்மிற் புதுப்பிக்க அனுப்பிவிட்டுத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. உலகத்தின் மிகப் பெரிய மேடைகளில் ஒன்றில் பாடலாம், ஆனால் வாடகைக் காசுக்குப் பாட முடியாது!

அந்த அட்டைக்கு முன்பு, 1939இல், கஃபே சொசையற்றி என்ற இடத்தில் அவர் பாடினார். பார்ணி ஜோசப்சன் என்றவர் முந்திய வருடக் கடைசியில் தொடங்கிய கிளப் அது. முன்பு சப்பாத்து விற்றவர் அவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக இருந்து பார்க்கலாம் என்று நியூயோர்க்கில் முதலில் கதவு திறந்த கிளப். மரத்தில் கட்டித் தூக்கிக் கொல்லப்பட்ட கறுப்பின மக்களைப் பற்றிய ஒரு பாட்டை பில்லி அங்கேதான் பாடத் தொடங்கினார். ஜோசப்சன் அதற்கு ஒரு ஒழுங்கு வைத்தார். அது கடைசிப் பாட்டு. பாட்டுத் தொடங்கமுன் பரிமாறுகிறவர்கள் எல்லாரும் நிற்கவேண்டும். விளக்கு அணைந்து, பில்லியின் முகத்துக்கு மட்டும் வெளிச்சம். முடிந்ததும் அதுவும் அணையும். கைதட்டினாலும் அவர் திரும்பி வரமாட்டார்.

எங்கள் ஹோல்களை நினைத்துப் பாருங்கள். மேடையில் ஒருவர் ஆலாபனை செய்துகொண்டிருப்பார், பின்வரிசையில் ரோல்ஸும் வடையும் தேத்தண்ணியும் போய்க்கொண்டிருக்கும். பாட்டுக் கேட்கிற சபை வேண்டுமென்றால், முதலில் ரோல்ஸ் தட்டு நிற்கவேண்டும். ஒரு கிளப் முதலாளிக்குத் தெரிந்த விசயம் இது.

*

இப்போது நான் சொல்ல வந்தவரிடம் வருகிறேன். ஆல்பர்ட்டா ஹன்ரர்.

பெஸி ஸ்மித்தின் முதல் இசைத்தட்டு என்று மேலே சொன்னேனே, அந்தப் பாட்டை லவி ஒஸ்ரின் என்ற பியானோக்காரியோடு சேர்ந்து எழுதியவர் இவர்தான். முதலில் 1922இல் தானே பாடியும் பதிவு செய்திருந்தார். மெம்பிஸில் 1895இல் பிறந்து, சின்ன வயதிலேயே பாடவென்று சிக்காகோவுக்கு ஓடிப்போனவர். பாரிஸுக்குப் போனார். 1928இல் லண்டனில் போல் றொப்சனோடு நாடக மேடையில் பாடினார். இரண்டாம் உலகப்போரிலும் கொரிய யுத்தத்திலும் படையினருக்குப் பாடப் போனார்.

1950களில் தாய் இறந்துபோனார். ஆல்பர்ட்டா பாட்டை விட்டார். வயது அறுபதைத் தொட்ட மனுசி, நேர்ஸ் வேலை படிக்க விண்ணப்பித்தார். உண்மையான வயதைச் சொன்னால் எடுக்க மாட்டார்கள். பன்னிரண்டு வயதைக் குறைத்து எழுதினார்.

இதை வாசித்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இரண்டு பிறந்தநாள் இருக்கிறது! ஏஜென்சிக்காரன் கொடுத்த பாஸ்போட்டில் ஒரு வயது, அம்மா சொல்லும் வயது ஒன்று. ஓய்வூதியம் எடுக்கப் போகும்போதுதான் சிலருக்கு அந்த ஏஜென்சிக்காரன் நினைவுக்கு வருகிறான்.

ஆல்பர்ட்டா படித்துப் பாஸ் பண்ணி, நியூயோர்க்கில் ரூஸ்வெல்ற் தீவிலிருந்த ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருடம் நேர்ஸாக வேலை செய்தார். இடையில் 1961இல் ஒருமுறை பதிவுக்குப் போனதைத் தவிரப் பாடவில்லை. கூட வேலை செய்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. 1977இல் ஆஸ்பத்திரி நிர்வாகம், உங்களுக்கு எழுபது வயதாகிவிட்டது, சட்டப்படி ஓய்வு பெறவேண்டும் என்று அனுப்பிவிட்டது. உண்மையில் அவருக்கு எண்பத்திரண்டு.

சில மாதத்துக்குள் ஒரு விருந்தில் யாரோ பழகினவர்கள் கேட்க, ஒரு பாட்டை முணுமுணுத்தார். அதைக் கேட்ட ஒருவர் ஒரு கடை முதலாளிக்குச் சொல்லிவிட்டார். கிறீனிச் விலேஜில் குக்கரி என்ற சாப்பாட்டுக் கடை. முதலாளி யாரென்று நினைக்கிறீர்கள்? அதே பார்ணி ஜோசப்சன். கம்யூனிஸ்ற் வேட்டை நடந்த காலத்தில் தமையன் மாட்டுப்பட்டு, பத்திரிகைகள் தாக்கி, கிளப் மூடப்பட்டு, மிஞ்சியதை வைத்துச் சாப்பாட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்த அதே மனிதர். 1977 ஒக்ரோபரில் ஆல்பர்ட்டா அங்கே பாடத் தொடங்கினார். கொஞ்ச நாளைக்கென்று தொடங்கியது, 1984இல் எண்பத்தொன்பது வயதில் அவர் சாகும் வருடம்வரை போனது. 1980இல் புது இசைத்தட்டு வந்தது. பிறேசிலுக்குப் போய்ப் பாடினார்.

அந்தக் காலத்து ஒளிப்பதிவுகள் யூரியூப்பில் இருக்கின்றன, தேடிப் பாருங்கள். காதில் பெரிய தோடு. கையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுழற்றி, கொஞ்சம் தூசணமான பாட்டுகளைக் கூடச் சபையைச் சிரிக்க வைத்துப் பாடுகிறார். ஆஸ்பத்திரியில் இருபது வருடம் சட்டி எடுத்த கை அது. எனக்கு அந்தக் கையைப் பார்க்கத்தான் பிடிக்கும்.

*

ஏன் இந்த மனுசியின் கதையில் இவ்வளவு ஒட்டிக்கொண்டேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கோப்பை கழுவினபிறகு நான் ஒரு நேர்சிங் ஹோம் குசினியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பி.எஸ்.டபிள்யூ வேலை செய்த அக்கா ஒருவர் இருந்தார். கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, உடுப்பு மாற்றுவது. அவரோடு நான்கு வருடம் ஒரே லஞ்ச் ரூமில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். பிள்ளைகளின் படிப்பு, மோட்கேஜ், ஊரில் காணிப் பிரச்சினை எல்லாம் கதைத்திருக்கிறோம். ஒருநாள் மறதி நோயுள்ள ஒரு கிழவி ஊசிக்குப் பயந்து கத்த, இந்த அக்கா மெல்லிய குரலில் எதையோ பாட, கிழவி அடங்கிவிட்டது. கதவடியில் சாப்பாட்டு வண்டிலோடு நின்ற எனக்குக் கால் நகரவில்லை. கேட்டபிறகுதான் சொன்னார், மருதனார்மடத்தில் இராமநாதன் அக்கடமியில் சங்கீதம் படித்தவர், ஊரில் ஏழு வருடம் சங்கீத ரீச்சர், கோயில்களில் கச்சேரி செய்தவர் என்று.

'ஏனக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?'

'நீங்கள் கேக்கேல்லையே தம்பி.'

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம். ஆனாலும் எழுதுகிறேன். நான் ஒரு சங்கத்தின் விழாக் குழுவில் இருந்த காலம். சென்னையிலிருந்து ஒரு பாடகரை எடுத்தோம். விமான ரிக்கற், ஹொட்டேல், கையில் பெரிய தொகை. அதற்கு முன்பு அரை மணித்தியாலம் இந்த அக்கா பாடட்டும் என்று நான் கேட்டேன். சரி என்றார்கள், 'உள்ளூர் ஆள்தானே, காசு ஒண்டும் வேண்டாம்தானே' என்றும் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. அரை மணித்தியாலம் இருபது நிமிடமானது. விழாவன்று விருந்தினர்கள் பிந்தி வந்ததால் பத்து நிமிடமானது. அவர் இரண்டாவது பாட்டின் நடுவில் இருந்தபோது விருந்தினர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று மைக்கை நிறுத்தினார்கள். அக்கா தம்புரா மெசினை அணைத்துப் பையில் வைத்துவிட்டு, பின்வழியால் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த நாள் காலை ஷிப்ற். லஞ்ச் ரூமில் என்னைக் கண்டதும் 'சாப்பிட்டியளோ தம்பி?' என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக யாராவது எனக்கு அறைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

*

என்னுடைய கருத்து இவ்வளவுதான். நாங்கள் கலையைக் கொண்டாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு விசயத்தை மட்டும் கொண்டாடுகிறோம். ஒன்று அரங்கேற்றம், மற்றது அஞ்சலி. அரங்கேற்றத்துக்கு ஹோல், உடுப்பு, சாப்பாடு, ஊரிலிருந்து வரும் வித்துவான்கள் என்று ஒரு கல்யாணச் செலவு செய்கிறோம். தொடக்கம் என்று அர்த்தம் தரும் அந்தச் சொல், எங்கள் பிள்ளைகளில் அனேகம் பேருக்கு முடிவாக இருக்கிறது. அஞ்சலிக்கு மலர் அடிக்கிறோம். இரண்டுக்கும் இடையில் இருக்கிற நாற்பது வருடத் தொழிலுக்கு எங்களிடம் மேடையும் இல்லை, கூலியும் இல்லை.

காசு கேட்டால் கலையை விற்கிறார் என்கிறோம். பெஸி ஸ்மித் 125 டொலருக்குப் பாடியதைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற நாங்கள், எங்கள் ரீச்சரை ஒரு பொன்னாடையோடு அனுப்பிவிடுகிறோம். அந்தப் பொன்னாடையும் அனேகமாக டொலர் கடைச் சரிகை.

கனடாக்காரரையும் பாருங்கள். எலினோர் கொலின்ஸ் என்று ஒரு ஜாஸ் பாடகி. ஒக்லஹோமாவின் இனவெறிக்குத் தப்பி அல்பேர்ட்டாவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை, 1919இல் எட்மன்ரனில் பிறந்தவர். பேர்ணபியில் வீடு வாங்கினபோது அயலவர்கள் இவர்களை எழுப்பவென்று கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். அவர் எழும்பிப் போகவில்லை, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1955இல் சி.பி.சி. தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சி வந்தது. அமெரிக்காவுக்குப் போகாமல் நான்கு பிள்ளைகளையும் இங்கேயே வளர்த்துக்கொண்டு பாடினார். 2022இல் அவர் முகத்தோடு முத்திரை வந்தபோது அவருக்கு 102 வயது. பிந்தித்தான் செய்தார்கள். ஆனால் அவர் தன் முத்திரையைத் தானே கையில் வைத்துப் பார்த்தார். 2024இல்தான் காலமானார்.

ஜோசப்சன் ஆல்பர்ட்டாவுக்குப் பட்டம் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு மூலையில் மேடை கொடுத்தார், ஒரு பியானோக்காரரைக் கொடுத்தார், கிழமைக்குக் கிழமை சம்பளம் கொடுத்தார். ஒரு கலைஞருக்கு அதைவிட மரியாதை எனக்குத் தெரியவில்லை.

*

அந்த அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் ஆல்பர்ட்டாவின் ஒளிப்பதிவு ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பி, கதையையும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ரெலிபோன் எடுத்தார்.

'மனுசி பெரிய கெட்டிக்காரி தம்பி. மேல எட்டாத இடத்துக்குப் போகேல்லை. குரல் எங்க நிக்குதோ அங்க வச்சுத்தான் பாடுறா. நானும் கதவைப் பூட்டிப்போட்டு இறக்கிப் பாடிப் பாத்தனான். அப்ப ஐந்தரைக் கட்டை. இப்ப நாலில நிக்குது. அதுவும் வடிவாத்தான் இருக்கு.'

நான் அன்றிரவே நான்கு நண்பர்களோடு கதைத்தேன். ஒரு நூலக அறை, நாற்பது கதிரை, ஆளுக்கு இருபது டொலர். ஒன்றரை மணித்தியாலம், வயலினும் மிருதங்கமும் உண்டு. விருந்தினர் இல்லை, உரை இல்லை, பொன்னாடை இல்லை. ரோல்ஸ் எல்லாம் முடிந்தபிறகு வெளியில். அடுத்த நாள் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

'எனக்கு எவ்வளவு தருவியள்?' என்று கேட்டார்.

தொகையைச் சொன்னேன். 'பக்கவாத்தியக்காரருக்கு வேறயோ?' என்று கேட்டார். வேறு என்றேன்.

'அப்ப சரி' என்றார்.